வரவேற்பும் விறாந்தையும்: ஊவாத் தோட்டப்புறத்திற் கத்தோலிக்கப் பெண் சாரணியம்

கத்தோலிக்க மகளிர் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களிலும் சாரணியர் பாசறைகளின் நிறைவு நாட்களிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் ஒலிக்கும் வாக்கியமொன்று உண்டு. சாரணியர் குழுவின் கதவு எல்லா மதத்தாருக்கும் திறந்தே இருக்கிறது என்பது அது. கேட்போர் கைதட்டுவர். சொன்னவர் மனநிறைவுடன் அமர்வர். கதவு திறந்திருப்பது பெரும்பாலும் உண்மையே. ஆயின் திறந்திருத்தல் கதவின் நிலை. வரவேற்றல் மனிதர் செய்யும் வினை. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே அமர்ந்திருப்போர், வந்தவரைத் தடுக்கவில்லை என்று கூறலாம். அழைத்தோம் என்று கூறும் உரிமை அவர்க்கில்லை. பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊவா மலைத் தோட்டங்களிலும் பெண் சாரணியம் பற்றிய விவாதம் இவ்வேறுபாட்டினின்றே தொடங்குதல் வேண்டும்.

ஊவாவின் சமூக அமைப்பு இக்கேள்வியை ஏனைய இடங்களைக் காட்டிலும் கூர்மையாக்குகின்றது. பதுளை மாவட்டத்திற் பெரும்பான்மையினர் பௌத்தர். அடுத்த நிலையில் இந்துக்கள். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர். நகரங்களிலும் கடைவீதிகளிலும் இஸ்லாமியர் செறிந்து வாழ்வர். கிறிஸ்தவர் மிகச் சிறு தொகையினர். இத்தகைய மண்ணிற் கத்தோலிக்கர் நடத்தும் எந்நிறுவனமும் பிற மதத்தாரைச் சந்திக்காது ஒருநாளேனும் இயங்க முடியாது. ஆகவே பிற மதக் குடும்பங்களை ஏற்பதா, மறுப்பதா என்பது இங்கு கேள்வியே அன்று. ஏற்கப்பட்ட பிள்ளை எவ்விடத்தில் நிறுத்தப்படுகின்றாள் என்பதே கேள்வி.

இயக்கத்தின் வரலாறு சுருக்கமாக நோக்கற்பாலது. பேடன் பவல் 1907 இல் பிரவுன்சித் தீவில் நடத்திய பாசறையே சாரணியத்தின் தோற்றுவாய். 1909 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழையாமலே சீருடையணிந்து வந்து நின்றனர். அதன் விளைவாக, 1910 இல் அவர் சகோதரி அக்னெஸ் பேடன் பவல் தலைமையிற் பெண் சாரணியம் உருப்பெற்றது. இவ்வியக்கம் பெண்களை அழைத்து உண்டானதன்று. அழைப்பின்றி வந்து நின்ற சிறுமியராலேயே உண்டாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இலங்கையில் 1912 இல் மாத்தளையில் ஆண் சாரணியம் தொடங்கிற்று. 1917 இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையிற் பெண் சாரணியர் குழு அமைந்தது. கண்டிப் பாடசாலை மெதடிஸ்த மிஷனுக்குரியது. அங்கிருந்து ஏனைய மிஷன் பாடசாலைகளுக்கும் கன்னியர் மடப் பாடசாலைகளுக்கும் இயக்கம் பரவிற்று. ஆங்கிலம் கற்ற நகர்ப்புறக் குடும்பங்களின் பெண்களே அதன் முதல் உறுப்பினர்.

இதே காலத்தில் தோட்டப் பெண்பிள்ளையின் நிலை யாது? பிரவுன்சித் தீவிற் பாசறை நடந்த அதே 1907 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் கிராமப் பாடசாலைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் துரைமார் தத்தம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டுமென அச்சட்டம் விதித்தது. அவ்வேற்பாடு ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கே உரியது. பத்து வயதிற் கல்வி முடிந்தது. கொழுந்துக் கூடை தொடங்கிற்று. பெண்பிள்ளைக்கோ அதற்கு முன்னரே தம்பி தங்கையரைக் காக்கும் கடமை வந்து சேர்ந்தது. 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறின. லயத்துச் சிறுமி ஏறவில்லை. சாரணியம் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு உலகைக் காட்டப் புறப்பட்ட காலத்திலேயே, தோட்டம் அவ்வயதுப் பெண்ணுக்கு உலகை மூடிக்கொண்டிருந்தது. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்காதார் ஊவாவில் வரவேற்பைப் பற்றிப் பேசுதல் வெறும் உபசாரமேயாகும்.

சாரணிய வாக்குறுதியின் உள்ளடக்கமும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. இறைவனுக்கும் நாட்டிற்கும் கடமை செய்தல் அவ்வாக்குறுதியின் இரு தூண்களாக அமைந்தவை. முதலாவது தூணைப் பற்றியே பலரும் வாதிடுவர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் அரியர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பிரசாவுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர்ந்திலது. இவ்வாண்டுகளில் தோட்டப் பெண்ணொருத்தி சாரணிய வாக்குறுதி எடுத்திருப்பின், தன்னைத் தன் பிள்ளையென ஏற்க மறுத்த நாட்டிற்குக் கடமை செய்வதாகவே அவள் சத்தியம் செய்திருப்பாள். அவளுடைய மதம் எதுவென்று கேட்ட நிறுவனங்கள் பல. அவளுடைய நாடு எதுவென்று அவள் சார்பிற் கேட்டவை மிகச் சில. மதம் பற்றிய வரவேற்பை மட்டும் வழங்கிவிட்டுக் கடன் தீர்ந்தது என்போர் இதனை எண்ணுதல் தகும்.

இனி, இத்துறையில் நிலவும் மூன்று நிலைப்பாடுகளைத் தனித்தனியே ஆராய்ந்து மறுத்தல் அவசியமாகும்.

முதலாவது, பிற மதத்தார் பக்கத்தினின்று எழும் ஐயம். கத்தோலிக்கப் பாடசாலையின் சாரணியம் மதமாற்றத்தின் மென்மையான கருவி என்பர் இவர். இவ்வையத்தைக் குறுகிய நோக்கென்று ஒதுக்கிவிடல் வரலாற்றுக்கு மாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பாடசாலைகள் கல்வியையும் சமயத்தையும் ஒரே தட்டில் வைத்தே வழங்கின. ஆறுமுக நாவலர் (1822-1879) 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியமைக்கு அந்நிலையே காரணம். அநகாரிக தர்மபாலரும் பிரமஞான சங்கத்தாரும் பௌத்தப் பாடசாலைகளை வளர்த்தமைக்கும் அதுவே பின்னணி. பாட்டன் காலத்திற் சுட்ட சூட்டை மறக்குமாறு பேரனிடம் கேட்க எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும் அவ்வையம் இன்றைய நிலைக்கு முற்றும் பொருந்துமா? 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிநன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. பழைய மிஷன் பாடசாலைகள் பல இன்று அரச பாடசாலைகளே. பெயரும் கட்டிடமும் மரபுமே எஞ்சியுள்ளன. கத்தோலிக்க திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர்ப் பழைய நிலையில் நிற்கவில்லை. 1965 ஒக்டோபர் 28 ஆம் நாள் வெளியான, பிற சமயங்களுடனான உறவு பற்றிய அறிக்கை, இந்து, பௌத்த, இஸ்லாமிய சமயங்களைப் பெயர் சுட்டி மதித்துப் பேசியது. கண்டி மறைமாவட்டத்தினின்று பிரிந்து 1972 இற் பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. கண்டியில் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, வசதி மிகுந்த அப்பதவியை விட்டு, பதுளையின் முதல் ஆயராக வந்தார். 1982 இல் மறையும்வரை ஊவாவின் ஏழை உழவர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் அருகிலேயே நின்றார். சமயங்களுக்கிடையிலான உறவையும் சமூக நீதியையும் ஒன்றாகவே கண்டவர் அவர். பதுளைக் கத்தோலிக்கர்க்கு வரவேற்பின் இலக்கணத்தை வேற்றிடத்திற் கற்க வேண்டிய தேவையில்லை. அது அவர்தம் முதல் ஆயரின் வாழ்விலேயே எழுதப்பட்டுள்ளது.

எனினும் சட்டமும் சங்க அறிக்கையும் ஆயரின் வாழ்வும் லயத்துத் தாயின் ஐயத்தைத் தாமாகவே போக்கிவிடா. மதமாற்றம் செய்வதில்லை என்று மேடையிற் கூறுவதால் ஐயம் நீங்குவதில்லை. அது மேடைக்கு வராத தாய்க்குக் கேட்பதுமில்லை. எந்தச் சமய நிகழ்விற் பிள்ளை பங்குகொள்வாள், எதிற் பங்குகொள்ளாள் என்பதை முன்கூட்டியே தமிழில் எழுதிக் கொடுத்து, வாசிக்க இயலாதார்க்கு வாசித்துக் காட்டி, அவர்தம் இசைவைப் பெறுதலே அதற்கு மருந்து. கூட்டம் நடக்கும்போது பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்னும் ஏற்பாடு, ஆயிரம் மறுப்புரைகளினும் வலியது. ஐயப்படுவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். ஐயத்தின் பேராற் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டு, அவளுக்கு வேறெந்தக் களத்தையும் அமைத்துக் கொடாத சமூகத் தலைமை, அவளுடைய சமயத்தைக் காத்ததாகாது. அவளுடைய உலகைச் சுருக்கியதேயாகும். பதினாறு வயது நிரம்புமுன் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டச் சிறுமியர் எத்தனை பேர் என்பதை மலையகம் நன்கறியும். அச்சிறுமியரின் சமயத்தைக் காக்க அன்று எழுந்த குரல்கள் யாவை?

இரண்டாவது, கத்தோலிக்கர் சிலரிடம் காணப்படும் அச்சம். பிற மதப் பிள்ளைகள் மிகுந்தாற் குழுவின் கத்தோலிக்கத் தன்மை கரைந்துவிடும் என்பது அது. பிரான்சின் வரலாறு இதற்குத் தக்க விடை. அங்கு கத்தோலிக்க ஆண் சாரணர் சங்கம் 1920 இலும் பெண் சாரணியர் சங்கம் 1923 இலும் தோன்றின. 2004 இல் அவ்விரண்டும் ஒரே சங்கமாயின. அச்சங்கம் தன்னைக் கத்தோலிக்கச் சங்கமென்றே இன்றும் அழைத்துக்கொள்கின்றது; அதே வேளை எச்சமயப் பிள்ளைக்கும் இடமளிக்கின்றது. கத்தோலிக்கராயிருத்தலும் பிறரை ஏற்றலும் முரணாவன அல்ல என்பதற்கு இது சான்று. ஊவாவிலோ அச்சம் இன்னும் பொருத்தமற்றது. சிறுபான்மையினும் சிறுபான்மையான சமூகமொன்று தன் பிள்ளைகளை மட்டுங்கொண்டு குழு அமைப்பின், அது சாரணியமாகாது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புச் சீருடையணிந்ததாகவே முடியும். ஒரு குழுவின் கத்தோலிக்கத் தன்மை அதன் வருகைப் பதிவேட்டில் இல்லை. யாருக்குப் பணி செய்கிறது, யாரோடு உண்கிறது என்பவற்றிலேயே அது விளங்கும்.

மூன்றாவது நிலைப்பாடு நவீனமானது. பல்கலைக்கழக வட்டாரங்களிற் செல்வாக்குடையது. சமயத்தையே சாரணியத்தினின்று நீக்கிவிட்டாற் சிக்கல் தீரும் என்பது அது. பிரித்தானியப் பெண் சாரணியர் சங்கம் 2013 இல் வாக்குறுதியிலிருந்து கடவுளைக் குறிக்கும் சொல்லை அகற்றியதை இவர் எடுத்துக்காட்டுவர். பிரித்தானியச் சமூகம் தன் நிலைக்கேற்பச் செய்த முடிவு அது. சமயப் பற்றில்லாத பிள்ளைகள் பெருகிவிட்ட நாட்டில் அம்முடிவு நேர்மையானதே. இங்கும் இறைநம்பிக்கையற்ற இல்லத்தினின்று வரும் பிள்ளையைப் பொய்ச்சத்தியம் செய்விப்பது தவறென்பதில் ஐயமில்லை. ஆயின் ஊவாத் தோட்டத்திற் சமயமென்பது தனிமனிதரின் கருத்து மாத்திரமன்று. அது குடும்பத்தின் நாட்காட்டி, அடுக்களையின் ஒழுங்கு, பிள்ளையின் நெற்றி, மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் வேளாங்கண்ணி மாதா திருநாளிலும் லயம் முழுவதும் கூடும் கூட்டம். இவற்றைப் பற்றிப் பேசாதிருக்க முடிவு செய்த குழுவுக்குள் நுழையும் பிள்ளை, தன்னிற் பாதியை வாசலிலே கழற்றிவைத்துவிட்டே நுழைய வேண்டும். மௌனமும் ஒருவகை விலக்கே. இந்தியச் சாரணியம் வேறொரு வழி கண்டது. அங்கு கடவுள் என்னும் சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்னும் சொல்லைக் கூற இடமுண்டு. ஒரு சொல்லை அகற்றுவதினும் பிள்ளைக்கு அவளது சொல்லை அளிப்பது சிறந்ததென்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இம்மூன்று நிலைப்பாடுகளுக்கும் அப்பால், பாடசாலைகள் நடைமுறையிற் கைக்கொண்ட நான்காவது வழியொன்றுண்டு. அதுவே மிகவும் பரவியது. மிகவும் தீங்கற்றது போலத் தோன்றுவது. ஆங்கிலேயர் கால உதவிநன்கொடை முறையில் மனச்சாட்சிப் பிரிவு என்றொரு விதி இருந்தது. பெற்றோர் விரும்பாவிடிற் பிள்ளையைச் சமய பாடத்தினின்று விலக்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உரிமை என்ற வகையில் அது பெரிது, போராடிப் பெறப்பட்டது. நடைமுறையில் அதன் பொருள் யாது? செபம் முடியும்வரை பிள்ளை விறாந்தையில் நிற்பாள். உள்ளே தோழியர் பாடும் பாட்டு அவளுக்குக் கேட்கும். மழை நாளாயிற் சாரல் அவள் மீது அடிக்கும். செபம் முடிந்ததும் கதவு திறக்கும். அவள் உள்ளே செல்வாள். எவரும் அவளை வருத்தவில்லை. எவரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் இவ்வீடு தன்னுடையதன்று என்பதை வாரந்தோறும் அவள் கற்றுக்கொள்வாள். பிற மதப் பிள்ளை செபத்தில் நிற்கத் தேவையில்லை என்று கூறும் சாரணியர் குழு இவ்விறாந்தையையே இன்னும் வைத்திருக்கின்றது. விலக்கு அளித்தல் வரவேற்பாகாது. வரவேற்பு தொடங்க வேண்டிய இடமே அது.

இங்கு இன்னொரு உண்மையையும் மறைத்தலாகாது. பிற மதக் குடும்பங்களை ஏற்பதாகப் பெருமை கொள்ளும் குழுக்களில் அக்குடும்பங்கள் எவை என்று பார்த்தல் வேண்டும். நகரத்து இந்து வணிகரின் மகள் எளிதில் இடம் பெறுவாள். அரச உத்தியோகத்தரின் பௌத்த மகளும் அவ்வாறே. கடைவீதி முதலாளியின் இஸ்லாமிய மகளுக்கும் பெருந்தடையில்லை. தடைப்பட்டு நிற்பவள் லயத்துப் பெண்; அவள் கத்தோலிக்கப் பெண்ணேயாயினும் தடைப்பட்டே நிற்கிறாள். ஞானஸ்நானம் பெற்ற கொழுந்துக்காரியின் மகளுக்கு அதே மடப் பாடசாலையின் சீருடை தொலைவிலேயே உள்ளது. ஆகவே மதங்களின் சமத்துவம் எனப்படுவது, ஆராய்ந்து பார்க்கும்போது, ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த பல மதத்தாரின் சமத்துவமாகவே முடிகின்றது. பல மதப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும் புகைப்படம் அழகானது. அப்படத்திற் பிரட்டுக்களத்திற்குச் செல்லும் தாயின் பிள்ளை எவள் என்று கேட்டால் அழகு குறைந்துவிடும். வேறு மதத்தவளை ஏற்பதாகக் கூறுவோர் முதலில் தம் மதத்து ஏழையை ஏற்றுக் காட்டுதல் வேண்டும். அவளுக்குத் திறக்கும் கதவே பிறர்க்கும் மெய்யாகத் திறக்கும்.

சாரணியத்தின் ஆசிய வரலாறு இப்படிப்பினையை முன்னரே அளித்துள்ளது. இந்தியாவிற் பேடன் பவலின் இயக்கம் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. இந்தியப் பிள்ளைகள் ஏற்கப்படாமையால், 1917 அளவிற் சென்னையில் அன்னி பெசன்ற் அம்மையார் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தனியே அமைத்தார். 1921 இல் அச்சங்கம் பேடன் பவலின் இயக்கத்தோடு இணைந்தது. வெளியே நிறுத்தப்பட்டோர் தமக்கெனக் களம் அமைத்துக் காட்டிய பின்னரே கதவு திறந்தது. 1928 இற் பெண் சாரணியர் உலகச் சங்கம் தோன்றிற்று. 1966 இல் அது புனே நகரில் அமைத்த உலக நிலையத்திற்குச் சங்கம் என்றே பெயரிட்டது. ஆசிய மண்ணின் சொல்லொன்றை உலக இயக்கம் தன் வாசலிற் பொறித்துக்கொண்டது. பதுளையின் குழுவொன்று தன் கூட்டத்தில் லயத்துச் சொற்களுக்கு இடமளிப்பது அதனினும் கடினமான செயலா?

மறுப்பு மட்டும் போதாது. எது வரவேற்பு என்பதும் கூறப்படல் வேண்டும்.

முதற்கண் செபம். கூட்டம் கத்தோலிக்க செபத்துடன் தொடங்கி ஏனையோர் மௌனமாய் நிற்பது ஒரு முறை. எல்லாச் சமயங்களையும் கலந்து எவர்க்கும் உரியதல்லாத ஒரு செபத்தை யாத்துக்கொள்வது இன்னொரு முறை. இரண்டும் குறையுடையன. ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை தன் இல்லத்திற் பயின்ற வணக்கத்தைத் தன் மொழியிற் கூற, ஏனையோர் மரியாதையுடன் கேட்பதே தக்கது. இந்துப் பிள்ளை தேவாரத்தைப் பாடும் வாரத்திற் கத்தோலிக்கப் பிள்ளை கேட்டு நிற்பாள். விறாந்தையில் அன்று எவருமிரார்.

இரண்டாவது, காலம். ஞாயிறு காலையிற் பௌத்த தகம் பாடசாலையும் இந்து அறநெறிப் பாடசாலையும் நடைபெறுவன. வெள்ளி நண்பகல் இஸ்லாமியரின் தொழுகைக்குரியது. தோட்டத்தில் ஞாயிறே பெற்றோர் வீட்டிலிருக்கும் நாள். விறகும் துணி துவைத்தலும் அன்றுதான். இவற்றையெல்லாம் பாராது நாள் குறித்துவிட்டு, அவர்கள் வருவதில்லை என்று குறைகூறுவது நியாயமன்று. பாசறை நாட்களும் நோன்புக் காலத்தையும் கந்தசஷ்டியையும் போயா தினத்தையும் நோக்கியே குறிக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, அடுக்களை. பாசறையில் மரக்கறி உண்போர்க்கும் ஹலால் உணவு உண்போர்க்கும் தனித்தட்டு ஏந்தித் தனியே அமரும் நிலை உண்டாகலாகாது. அனைவரும் உண்ணத்தக்கதைச் சமைத்து, அனைவரும் ஒரே பந்தியில் அமர்வதே எளிய தீர்வு. ரொட்டியும் சம்பலும் பருப்பும் எச்சமயத்திற்கும் பகையல்ல.

நான்காவது, மரியாதை முறைகள். சாரணியர் இடக்கையாற் கைகுலுக்குவர். நட்பின் அடையாளமாக இயக்கம் அதனைக் கருதுகிறது. ஆயின் தமிழரிடத்தும் இஸ்லாமியரிடத்தும் இடக்கை நீட்டுதல் அவமதிப்பு. கொழுந்து நிறுத்துவிட்டு மகளைப் பார்க்க வந்த தாய்க்குச் சாரணியத் தலைவி இடக்கையை நீட்டினால், அவள் எவ்வாறு உணர்வாள்? அவளுக்கு அதன் பொருளை விளக்குதல் ஒரு வழி. அவளைக் கைகூப்பி வணங்குதல் அதனினும் சிறந்த வழி. இது சிறு செய்தி போலத் தோன்றலாம். வரவேற்பென்பது பெரும்பாலும் இத்தகைய சிறு செய்திகளாலேயே ஆயது.

ஐந்தாவது, செலவும் மொழியும். சீருடை, சின்னம், பேருந்துக் கட்டணம், பாசறைப் பணம் யாவும் நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் கணக்கிற் பெருந்தொகையாம். குழுவின் பொதுநிதியினின்று, எவர்க்கு உதவியது என்பது பிள்ளைகள் அறியாவண்ணம், இவை வழங்கப்படல் வேண்டும். அறிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். ஆங்கிலக் கடிதமொன்று தோட்டத்துக்குச் சென்றால் அது துண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடியலையும். தேடி முடிப்பதற்குள் பாசறை முடிந்துவிடும்.

ஆறாவது, தலைமை. பிற மதப் பிள்ளை உறுப்பினளாக இருப்பதும் அணித்தலைவியாக வருவதும் ஒன்றல்ல. இந்து ஆசிரியை ஒருவர் குழுவை நடத்த வருவாராயின், அதனைப் பாடசாலையின் சமயப் பின்னணி தடுத்தலாகாது. பெற்றோர் குழுவில் லயத்துத் தாய்மாருக்கு இடமிருத்தல் வேண்டும். தேநீர் பரிமாறுவதற்காக மட்டும் அவர்கள் அழைக்கப்படலாகாது.

ஏழாவது, பணியின் திசை. ஆலயத் திருநாளில் அணிவகுத்து நிற்குமாறு சாரணியர் கேட்கப்படுவது எங்கும் உள்ள வழக்கம். கத்தோலிக்கப் பிள்ளைக்கு அது பக்தி. ஏனைய பிள்ளைக்கு அது வேடமாகிவிடலாம். அவ்வணிவகுப்பில் விருப்பமுள்ளோர் மட்டுமே நிற்றல் வேண்டும்; நிற்காதவளின் பெயர் எக்குறிப்பேட்டிலும் ஏறலாகாது. அதற்கு ஈடாக, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அதே குழு தண்ணீர்ப்பந்தல் நடத்தட்டும், முதலுதவிக்கு நிற்கட்டும். கதிர்காமம் இவ்வூவா மாகாணத்திலேயே உள்ளது. பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் ஒரே புனித வளாகத்தில் தத்தம் வழியில் வணங்கும் அத்தலத்திற்கு ஆடிமாதத்திற் பாதயாத்திரை செல்வோரின் கால்புண்ணுக்கு மருந்திடுவதினும் சிறந்த சாரணியப் பாடம் வேறு யாது? உதவி ஒரே திசையிற் செல்லும்வரை அது தர்மம் கொடுத்தலே. இரு திசையிலும் செல்லும்போதுதான் உறவாகின்றது.

இத்தனையும் ஒரு பாடசாலைச் சாரணியர் குழுவைப் பற்றித்தானே, இதற்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று வினவுவாருளர். விடை அண்மை வரலாற்றில் உள்ளது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிற் கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர் தப்பியோர் அயலிலிருந்த பாடசாலைகளிற் படுத்துறங்கினர். அங்கு எவரும் எவரின் சமயத்தையும் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கத்தோலிக்க ஆலயங்களிற் குண்டுகள் வெடித்தன. அதன் பின்னர் பல மாதங்கள் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவும் தயங்கினர். முன்னையது, பேரிடர் மனிதரை ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்கும் என்பதைக் காட்டிற்று. பின்னையது, அதற்கு முன்னரே சேர்ந்து பழகாதோர் எவ்வளவு விரைவாகப் பிரிவர் என்பதைக் காட்டிற்று. ஒரே கூடாரத்திற் படுத்து, ஒரே அடுப்பில் ஊதி, ஒருத்தியின் வணக்கத்தை மற்றவள் கேட்டு வளர்ந்த இரு சிறுமியர், பெரியவர்களான பின் ஒரு வதந்தியைக் கேட்டுப் பகைவராதல் அரிது. வாதத்தின் பயன் அதுவே.

ஊவாவின் கத்தோலிக்கச் சாரணியத்திற்கு முன்னுள்ள தெரிவு தெளிவானது. எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்திருக்கிறதென்று ஆண்டுதோறும் மேடையிற் கூறிக்கொண்டு, விறாந்தையை அப்படியே வைத்திருக்கலாம். அன்றி, குழுவின் தலைவியரும் பிள்ளைகளும் ஒரு ஞாயிறு பிற்பகல் மலையேறி லயத்துக்குச் சென்று, தாயின் வாசலில் அமர்ந்து, அவள் தரும் சாயத்தேநீரைப் பருகி, அவள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறலாம். 1909 இல் அழையாமற் சென்று நின்ற சிறுமியரால் உண்டான இயக்கம் இது. இன்றும் அழைப்பில்லாத சிறுமியர் பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நிற்கின்றனர். அவர்கள் மலையிறங்கி வருமட்டும் காத்திருத்தல் இயக்கத்திற்கு அழகன்று.